கை எட்டாத இடத்துல ஒரு கட்டி

ஏனுங் தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. பின்னாடி சீட்டுல இருந்து பாத்துட்டே வந்தேன். உங்க காதுக்குக் கீழ, கழுத்தோரமா ஒரு கட்டி இருக்குதுங்களே, அதைய யாருகிட்டயாவது காமிச்சீங்களா? இல்ல, சும்மா கேட்டேன். இந்த சீட்டு காலியாத்தான இருக்குது? உக்கோந்துக்கறேன். பையை மடியில வெச்சுக்கறேன், உங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம்.

நான் டாக்டர் இல்லீங்க. மருந்து விக்கற ஆளும் இல்ல. கிட்டுச்சாமின்னு பேரு, உடுமலைதான். நூல் மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டயர் ஆனவன். ஈரோடு போறேன், அங்கிருந்து ரயிலு. நீங்க? காங்கயமா? அப்ப நேரம் கெடக்குது.

எனக்கும் இருந்துச்சுங்க, இதே மாதிரி. ஆனா முதுகுல. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவால. மேல இருந்து கையை உட்டாலும் எட்டாது, கீழ இருந்து உட்டாலும் எட்டாது. நம்ம ஒடம்புதான், ஆனா நம்மளுக்கே காணக் கெடைக்காத எடம். உங்களுதாவது தேவலை, கண்ணாடியில சித்த திரும்பினா தெரிஞ்சிரும்.

எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எங்கூட்டுக்காரிதான் மொதல்ல பாத்தா. சுலோச்சனான்னு பேரு. சனிக்கெழமையானா எண்ணெய் தேய்ச்சு உடுவா. அப்ப ஒருக்கா, "ஏனுங்க, இங்க கடுகாட்டம் ஒண்ணு இருக்குது"ன்னா. இருந்துட்டுப் போகட்டும்னேன். அப்பறம் மொளகாட்டம்ங்கறா. அப்பறம் சுண்டக்காய்ங்கறா. "ஆசுபத்திரிக்கு ஒருக்கா போயிட்டு வந்தரலாமுங்க"ன்னு வாராவாரம் இதே பேச்சு. எனக்குக் கோவம் வந்திருச்சு. "நீ என்ன டாக்டருக்குப் படிச்சவளா? கையை எடு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கோட எண்ணெய் தேய்க்கறதையே உட்டுட்டா. பொம்பளைங்களுக்கு ரோசத்தப் பாருங்க.

இப்ப அவ பெங்களூருல இருக்கறாங்க. மக வீட்டுல. இந்துமதின்னு ஒரே பொண்ணு. அவளுக்குப் பிரசவம்னு போனா. கொழந்தை சின்னது, கழுத்து நிக்கட்டும், வந்தர்றேன்னா. அப்பறம் நடக்கட்டும்னா. பேரன் இப்ப ஒண்ணாவது படிக்கறான். கொழந்தை வளத்தறதுன்னா சும்மாவாங்க, இழுத்துத்தான் போகும். அங்க அந்த அடுக்குமாடியிலயே வேலைக்குப் போறவங்க புள்ளைங்களைய உட்டுட்டுப் போற எடம் ஒண்ணு இருக்குதாம். அதுல வேலைக்கு வேற சேர்ந்துட்டா. பொழுது போகோணுமல்ல. நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதுன்னா போன்ல ஆளு கெடைக்கோணும். நான் கூப்புட்டா எப்பவும் இந்துதான் எடுப்பா. "அம்மா குளிக்குது"ம்பா. "அம்மா கீழ போயிருக்குது"ம்பா. அவளுக்கு அங்க ஓயாத வேலை போலிருக்குது.

தனியா இருக்கறது எனக்கொண்ணும் கஷ்டமில்லீங்க. சோறு வெச்சுக்கறேன், ரசம் வெச்சுக்கறேன். டி.வி. இருக்குது. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். நான் பாக்கறதில்ல, ஓடட்டும்னு உட்டர்றது. ஆரோ பக்கத்து ரூமுல பேசிட்டிருக்கற மாதிரி இருக்கும்.

போன கார்த்திகையில ஒரு நாள் சட்டையைக் கழட்டறேன், முதுகோட ஒட்டீட்டு வர மாட்டீங்குது. இழுத்தா சுரீர்ங்குது. மல்லாந்து படுக்க முடியல. நாற்காலியில சாய முடியல. என்னன்னு பாக்கோணுமல்ல? பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னுட்டுக் கழுத்தைத் திருப்பினேன், கழுத்துதான் புடிச்சுட்டுது. போன்ல போட்டோ புடிக்கலாம்னு தோளுக்கு மேல தூக்கிப் புடிச்சு அமுக்கினேன். ஒண்ணுல என்ர காது இருக்குது, ஒண்ணுல மேல சுத்தற பேன் இருக்குது. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் போட்டா அமுங்கும்பாங்க. கொழைச்சுட்டேன். எப்பிடிப் போடறது? கையி எட்டலையே. கட்டில் மேல ஒரு துணிய விரிச்சு, நடுவால அதை அப்பி வெச்சு, குத்துமதிப்பா அது மேல போயிப் படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா இடுப்புல அப்பியிருக்குது. சிரிங்க, பரவால்ல. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. சிரிச்சா இன்னும் வலிச்சுது.

அப்பறம் சலூனுக்குப் போனேன். செல்லமுத்துன்னு, ரொம்ப வருசமா எனக்கு முடி வெட்டறவரு. "செல்லமுத்து, முதுகுல சித்த பாருப்பா"ன்னு சட்டையத் தூக்கினேன். அவரு, "அடக் கடவுளே, மேஸ்திரிண்ணா"ன்னாரு. பெஞ்சுல உக்கோந்து பேப்பர் படிச்சுட்டிருந்தவங்க அத்தனை பேரும் எந்திரிச்சு வந்துட்டாங்க. ஒருத்தரு கொழுப்புக் கட்டிங்கறாரு. ஒருத்தரு ராஜபொளவைங்கறாரு. ஒரு மகராசன் மெதுவா, "இப்பிடித்தான் எங்க சித்தப்பாவுக்கு ஆரம்பிச்சுது, கடைசியில கேன்சர்னுட்டாங்க"ங்கறாரு. ஆனா ஒண்ணு சொல்லோணும். செல்லமுத்து வெந்தண்ணியில துண்ட முக்கிப் புழிஞ்சு, அதைச் சுத்தி மெல்லத் தொடைச்சு உட்டாரு. வெதுவெதுன்னு. கண்ணை மூடீட்டு அப்பிடியே நின்னுட்டேன். "போதுமுங்ணா?"ன்னு கேட்டதும்தான் நெனப்பே வந்துச்சு.

ஊட்டுக்கு வந்து இந்துவக் கூப்புட்டேன். இப்பிடி இப்பிடின்னு சொன்னேன். "ஒடனே டாக்டர்கிட்ட போங்கப்பா"ன்னா. அதுக்குள்ள பக்கத்துல இருந்து ஒரு சத்தம். "நடுவுல அந்தக் கரும்புள்ளி இருக்குதான்னு கேளு." சுலோச்சனாதான். இந்து கேக்கறா, "அப்பா, நடுவுல கரும்புள்ளி இருக்குதாப்பா?" எனக்கு எப்பிடித் தெரியும்? அதை அவகிட்டத்தான கேக்கோணும்? "உங்கம்மாவக் குடு"ன்னேன். "அம்மா அடுப்புல பால் வெச்சிருக்குதுப்பா"ன்னு வெச்சுட்டா.

கரும்புள்ளி முக்கியமுங்க தம்பி. அதை வெச்சுத்தான் டாக்டரம்மாவே என்ன கட்டின்னு சொன்னாங்க. நம்ம ஊருல சின்னதா ஒரு ஆசுபத்திரி, நிலோபர்னு அந்தம்மா பேரு. அறுவை டாக்டரு. என்னையக் குப்புறப் படுக்க வெச்சு, ரெண்டு விரல்ல தோலப் புடிச்சுப் பாத்தாங்க, அசைச்சுப் பாத்தாங்க. "ஐயா, இது கேன்சர் மாதிரி இல்ல, பயப்படாதீங்க. எதுக்கும் எடுக்கறப்ப பரிசோதனைக்கு அனுப்பிருவோம்"ன்னாங்க. நான் கேட்டேன், அப்ப கொழுப்புக் கட்டிங்களான்னு. அதுவும் இல்லையாம். கொழுப்புக் கட்டின்னா விரல வெச்சு அமுக்கினா அடியில வழுக்கிட்டு ஓடுமாம், மேல தோலு தனியா இருக்குமாம். இது தோலே உள்ள போயி ஒரு பையாட்டம் ஆயிருது. தோலு உதுக்கற கசடு வெளிய வராம அந்தப் பைக்குள்ளயே சேந்துட்டே இருக்குது. அந்தக் கரும்புள்ளி இருக்குது பாருங்க, அதுதான் பையோட வாயி. வருசக்கணக்கா சும்மா கெடக்கும். ஒரு நாளைக்கு உள்ள கிருமி பூந்தா, செவந்து, சுட்டு, சீழ் வெச்சிருது.

சித்த திரும்புங்க தம்பி. உங்களுதுல இருக்குதான்னு பாக்கறேன். ம்... இருக்குதுங்க, குண்டூசி முனையாட்டம். செவப்பு இல்ல, நல்லதாப் போச்சு. அமுக்கிக் கிமுக்கி உட்றாதீங்க. நகத்தால நோண்டாதீங்க. நான் பாத்தது பெருசில்ல, ஒரு டாக்டரு பாக்கோணும். செவக்கறதுக்கு முன்னாடியே போனா ஒரே தடவையில முடிஞ்சிரும். என்னையாட்டம் ரெண்டு வாட்டி அறுக்க வேண்டியதில்ல.

ஆமாங்க, எனக்கு ரெண்டு வாட்டி. சீழ் புடிச்சிருக்கறப்ப பைய எடுக்கக் கூடாதாம், கிழிஞ்சு போயிருமாம். துளி மிச்சம் இருந்தாலும் திரும்ப வருமாம். அதனால மொதல்ல கீறி உட்டுச் சீழை எடுத்தரலாம், ஆறுனதுக்கு அப்பறம் பையோட எடுத்துக்கலாம்னாங்க. சக்கரை இருக்குதான்னு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, இல்ல. "கூட யாரு வந்திருக்காங்க?"ன்னாங்க. "வெளிய இருக்காங்க"ன்னேன். எதுக்கு அப்பிடிச் சொன்னேன்னு தெரியல. வாயில வந்திருச்சு. அங்க பிரின்சின்னு ஒரு நர்சம்மா. அது கதவத் தொறந்து, "கிட்டுச்சாமி கூட வந்தவங்க ஆருங்க?"ன்னு கூப்புடுது. ஒருக்கா கூப்புட்டுச்சு. இன்னொருக்கா கூப்புட்டுச்சு. நான் உள்ள குப்புறப் படுத்துட்டு அதைக் கேட்டுட்டுக் கெடக்கறேன். "டீ குடிக்கப் போயிருப்பாங்க சிஸ்டர்"ன்னேன். அது என்ர மொகத்த ஒருக்கா பாத்துச்சு. "சரிங்கய்யா, வரட்டும்"னுட்டு, வந்து என்ர கையைப் புடிச்சுட்டு நின்னுக்கிச்சு. மரத்துப் போற ஊசி போட்டாங்க. கீறுனது தெரியல. நாத்தந்தான். தம்பி, அப்பிடி ஒரு நாத்தம். என்ர ஒடம்புக்குள்ள இதையா இத்தனை நாளா சொமந்துட்டுத் திரிஞ்சேன்னு இருந்துச்சு.

அப்பறம் தெனமும் போயித் துணி மாத்திக்கோணும். புண்ணுக்குள்ள மருந்துத் துணிய வெச்சு அடைச்சு, மேல பிளாஸ்திரி ஒட்டுவாங்க. "ஊட்டுல ஆராவது இருந்தா அவங்களே மாத்தலாமுங்கய்யா, இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்"னுச்சு பிரின்சி. "எனக்கு நடக்கறது நல்லதும்மா"ன்னுட்டேன். வெடியால எந்திரிச்சு, குளிச்சு, வெள்ளச் சட்டை போட்டுட்டுப் போவேன். போற வழியில பூக்கடை, பேக்கரி, அல்லாரும் கேப்பாங்க, "மேஸ்திரி, எப்பிடி இருக்குது?" அந்த மாசம் நான் பேசுன பேச்சு அதுக்கு முன்னாடி வருசம் பூராவும் பேசியிருக்க மாட்டேன். புண்ணு சீக்கிரம் ஆறிருச்சுங்க. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க.

தை முடிஞ்சு, பைய எடுக்கறதுக்கு நாளு குறிச்சாங்க. இந்த வாட்டி பிரின்சி உட மாட்டேன்னுருச்சு. "ஆளு வராம தேட்டருக்குள்ள உட மாட்டோமுங்கய்யா"ங்குது. இந்துகிட்டச் சொன்னேன், மாப்பிள்ளையை அனுப்பும்மான்னு. ரெண்டு நாளு கழிச்சு, "அம்மா வருதுப்பா"ன்னா.

அன்னைக்கு ஊட்ட அலம்பி உட்டு, பருப்பு ஆக்கி, கத்திரிக்காய்ப் பொரியலு பண்ணி மூடி வெச்சுட்டுப் போனேன். அவ நேரா ஆசுபத்திரிக்கே வந்துட்டா. கையில ஒரு பேக்கு மட்டும். ஊட்டுச் சாவி என்ரகிட்ட இருக்குதுன்னு நேரா வந்திருப்பா. கொஞ்சம் எளைச்சிருந்தா, ஆனா மொகம் தெளிவா இருந்துச்சு. கண்ணாடி போட்டிருந்தா. கண்ணாடி போட்டது எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா எழுதறதுக்குக் கேட்டாங்க, "எவ்வளவு காலமா இருக்குதுங்கய்யா?" "ஒரு ரெண்டு வருசம் இருக்குமுங்க"ன்னேன். பின்னாடி இருந்து சுலோச்சனா சொல்றா, "இல்லீங்க டாக்டர். எங்க பொண்ணு பன்னெண்டாவது பரீட்சை எழுதறப்ப வந்துச்சு. அப்பக் கடுகு மாதிரி. அவ காலேஜ் முடிக்கறப்ப சுண்டக்காய் அளவு. ஒருக்கா செவந்து கூட இருந்துச்சு. அப்ப இவருக்கு நைட் ஷிப்ட்டு. பகல்ல தூங்கறப்ப வெந்தண்ணி ஒத்தடம் குடுத்துட்டே இருந்தேன், அமுங்கிருச்சு. இவருக்குத் தெரியாது."

பாருங்க தம்பி! எண்ணெய் தேய்க்க மாட்டாளாம், ஆனா நான் தூங்கறப்ப வந்து முதுகப் பாப்பாளாம். என்ரகிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

பை முழுசா வந்திருச்சு. கிழியாம, உரிச்ச பூண்டுப் பல்லாட்டம், ஒரு பாட்டில்ல போட்டுப் பிரின்சி கொண்டாந்து காமிச்சுது. சுலோச்சனா கண்ணாடியத் தூக்கி உட்டுட்டு ரொம்ப நேரம் அதையே பாத்தா. "இவ்வளவுதானா"ன்னா. குடுத்துட்டா.

வெளிய பெஞ்சுல உக்கோந்து ஆட்டோவுக்குப் பாத்துட்டிருந்தோம். "வா புள்ள, ஊட்டுக்குப் போலாம். சோறாக்கி வெச்சிருக்கேன்"ன்னேன். "இல்லீங்க, நான் இப்பிடியே கெளம்பறேன். ரயிலுக்கு நேரமாகுது"ன்னா. "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போ"ன்னேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சா. "அப்ப எப்பத்தான் வர்றே?"ன்னேன். கொஞ்சம் சத்தமாக் கேட்டிருப்பேனாட்ட இருக்குது. ரோட்டுல லாரி போயிட்டிருந்துச்சு, அதுக்கு மேல கேக்கோணுமல்ல? அவளுக்குத் தோளு ரெண்டும் சட்டுன்னு ஒரு குலுக்குக் குலுக்குச்சு. பேக்கை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. அப்பறம் சொல்றா, "அங்க சத்தமே இல்லீங்க. எனக்கு நல்லாத் தூக்கம் வருது."

நீ எப்ப வர்றேன்னு நான் கேட்டா, அவ தூக்கத்தப் பத்திச் சொல்றா. ஆனா வாஸ்தவந்தான். அவங்க ஊடு மேல் மாடியில. பஸ்ஸு, லாரி ஒண்ணும் காதுல உழாது. எங்கூடு மெயின் ரோட்டு மேல.

ஆட்டோ வந்ததும், கட்டு மேல ஒரசாம என்ர காலரைப் பின்னாடி தூக்கி உட்டா. ஆட்டோக்காரர்கிட்ட, "பள்ளத்துல எறக்காம மெதுவாப் போங்க"ன்னா. வண்டி கெளம்பிருச்சு. திரும்பிப் பாக்கலாம்னா முடியல. தையலு இழுத்துச்சு.

தையலைப் பிரிச்சாங்க. பரிசோதனை முடிவு வந்துச்சு. ஒண்ணுமில்ல, சாதாக் கட்டிதான். "இனி வர வேண்டியதில்லீங்கய்யா"ன்னாங்க டாக்டரம்மா. நானும் சந்தோசமாத்தான் வந்தேன். அடுத்த நாளு வெடியால குளிச்சு, வெள்ளச் சட்டை போட்டுட்டுக் கெளம்பி, பாதி ரோடு போயிட்டேன். அப்பறந்தான் எதுக்குப் போறேன்னு நெனப்பு வந்துச்சு. வந்தது வந்தாச்சுன்னு போனேன். பிரின்சி சட்டையத் தூக்கிப் பாத்துட்டு, "சுத்தமா ஆறிருச்சுங்கய்யா, ஒரு கோடு மட்டுந்தான் இருக்குது"ன்னுச்சு. அதுக்கு வேலை கெடக்குது பாவம், போயிருச்சு.

இந்துவக் கூப்புட்டு முடிவச் சொன்னேன். "நல்லதுப்பா"ன்னா. நான் கேட்டேன், "உங்கம்மா எப்பம்மா வர்றா?" அந்தப் பக்கம் கதவச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "அப்பா, கோவிச்சுக்காதீங்க. அம்மா அங்க வராதுப்பா"ங்கறா. "ஏன்? கொழந்தைதான் பெருசாயிட்டானே?"ங்கறேன். "கொழந்தைக்காக இல்லப்பா." "பின்ன எதுக்கு?" "உங்க சத்தம்ப்பா"ங்கறா. "நான் எப்பம்மா சத்தம் போட்டேன்?"னேன். "இப்பக் கூடப் போடறீங்கப்பா. நான் போனைத் தள்ளி வெச்சுட்டுத்தான் பேசறேன்"ங்கறா.

நீங்களே சொல்லுங்க தம்பி. மில்லுக்குள்ள அத்தனை மெசினும் ஓடறப்ப, பக்கத்துல நிக்கறவன் காதுல வாயை வெச்சுக் கத்துனாத்தான் ஒரு வார்த்தை போகும். கத்திக் கத்திக் கொரலு அப்பிடி ஆயிப் போச்சு. ஊட்டுக்கு வந்து அதை எங்க கழட்டி வெக்கறது? கொரலுதான் பெருசு, மனசுல ஒண்ணுமில்லீங்க. ஒரு நாளு அவ மேல கை ஓங்குனதில்ல. இந்துவுக்கும் அது தெரியும். "நீங்க வேணா இங்க வந்து இருங்கப்பா, அம்மா வேண்டாம்னு சொல்லல. ஆனா அம்மாகிட்டயும் பையங்கிட்டயும் சத்தம் போடக் கூடாது. முடியும்னா வாங்க"ன்னு வெச்சுட்டா.

அதுக்குத்தான் கெளம்பிட்டேன். வர்றேன்னு சொல்லலீங்க. சொல்லி, அவ வேண்டாம்னுட்டா என்ன பண்றது? போயி நின்னுட்டா, ஆறிருச்சான்னாவது பாப்பாளல்ல. பிரின்சி பாத்துச்சு, சரி. ஆனா மொதல்ல எப்பிடி இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது.

ஒரு ஒதவி பண்ணுங்க தம்பி. கதவத் தொறந்ததும் என்ன சொல்றதுன்னு வெச்சிருக்கேன். சொல்றேன், சத்தம் எப்பிடி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. "சுலோச்சனா, ஆறிருச்சு. பாக்கறியா?"

சாஸ்தியா? ஆமா, முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குது. இருங்க, கொறைச்சுக்கறேன்.

"சுலோச்சனா. ஆறிருச்சு. பாக்கறியா?"

கேக்கலைங்களா? பஸ்ஸு எரைச்சல்ல உங்களுக்கு எப்பிடிக் கேக்கும். அவளுக்குக் கேக்குமுங்க. அங்கதான் சத்தமே இல்லைங்கறாளே.